"இதுல என்னங்க இருக்குது?" கைக்கருவிக் கண்டுபிடிப்பு காப்புரிமைக்குத் தாங்குமா என்று பார்க்கும் முறை

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும், கடையில் வாங்கிய உருவத்திலேயே இருக்கும் கருவியைப் பார்ப்பது அபூர்வம். ஸ்பேனரின் பிடியைச் சூடேற்றி வளைத்திருப்பார்கள். குறடின் வாயில் ஒரு பல்லை அரைத்து எடுத்திருப்பார்கள். பைப் ரிஞ்சுக்கு நீளக்குழாய் சொருகியிருக்கும். பக்கத்துப் பட்டறையில் பார்த்ததைத் தன் வேலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது இந்த ஊர்களின் தொழில் பழக்கம். அப்படித் திருத்திய ஒன்றுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கலாமா என்ற கேள்வி வரும்போது, முதலில் வரும் வாதம் "இது புதுசுங்க, வேற யாரும் பண்ணல" என்பதுதான். புதுசாக இருப்பது முதல் வாசற்படி மட்டுமே. கைக்கருவிகள் தடுக்கி விழுவது இரண்டாவது படியில்: தொழில் தெரிந்த சாதாரண ஆள் ஒருவருக்கு இந்த மாற்றம் தானே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் அது "வெளிப்படை". உலகில் வேறெங்கும் அப்படியொரு கருவி இல்லாவிட்டாலும் காப்புரிமை கிடையாது.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பணம் செலவழிக்கும் முன்பே ஓரளவு நேர்மையான பதில் காண முடியும். ஒரு வார இறுதி, ஒரு நோட்டு, ஒரு தொங்கு தராசு போதும்.

சட்டம் கேட்பது என்ன

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, இந்த இரண்டாவது படியைப் புத்தாக்கப் படி என்கிறது. அதற்கு இரண்டு பாதி கொண்ட விளக்கமும் தருகிறது. ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும் என்பது முதல் பாதி. அந்த அம்சமே கண்டுபிடிப்பைத் துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாக ஆக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதி. "ஆள் கூலி பாதியாகுது" என்று முதல் பாதியை மட்டும் நிரூபித்துவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர். கூலி மிச்சமாவது நல்ல விஷயம்தான். ஆனால் பிடியை நீட்டினாலே மிச்சமாகிறது என்றால், பிடியை நீட்டுவது எவருக்கும் தோன்றும்.

கைக்கருவிக்காரர்கள் கூடவே படிக்க வேண்டியது 3ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு. தெரிந்த சாதனங்களை வெறுமனே சேர்த்து வைப்பது, இடம் மாற்றி வைப்பது, ஒன்றை இரண்டாக்குவது, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால், கண்டுபிடிப்பே அல்ல என்கிறது அது. களைக்கொத்தின் மறுமுனையில் முள்ளு வாரி வைத்தால் கொத்து கொத்தும், வாரி வாரும். ஒன்று இன்னொன்றுக்கு உதவுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1875இல் ரெக்கன்டார்ஃபர் வழக்கில் பென்சிலின் நுனியில் ரப்பர் ஒட்டியதை இதே காரணத்துக்காகத் தள்ளியது. இங்கிலாந்தில் 1890இல் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும், அரைத்ததைக் குடலுறைக்குள் திணிக்கும் இயந்திரத்தையும் ஒன்றாக்கியவருக்கும் அதே கதிதான்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படையாக இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இன்டஸ்ட்ரீஸ் வழக்கு. உலோகப் பாத்திரத்தைக் கடைசல் செய்யும்போது லேத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்பு பற்றியது. லேத் ஓட்டுகிறவர்களுக்குப் பரிச்சயமான டெயில் ஸ்டாக் (பொருளின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) சங்கதிதான். காப்புரிமை நிற்கவில்லை. வெறும் பட்டறைத் திருத்தத்தைவிடக் கூடுதலாக ஏதாவது இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தெரிந்த பாகங்களைச் சேர்த்ததாக இருந்தால், அந்தச் சேர்க்கை புதிய விளைவையோ புதிய பொருளையோ முன்னைவிடச் சிறந்த அல்லது மலிவான பொருளையோ தர வேண்டும். கொங்குப் பட்டறைக்காரர்கள் அன்றாடம் செய்யும் வேலைக்கும் காப்புரிமைக்கும் நடுவே கோடு கிழித்த தீர்ப்பு இது.

முதலில் தேதி

காப்புரிமை அலுவலகத்தில் முதல் விண்ணப்பம் பதிவாகும் நாளில் உலகம் என்ன அறிந்திருந்தது என்பதை வைத்தே எடைபோடப்படும். எழுத்தாக, படமாக, வீடியோவாக உலகில் எங்கு வெளிவந்திருந்தாலும் உங்களுக்கு எதிராக எண்ணப்படும். அச்சில் வராத வெறும் பயன்பாடு என்றால் இந்தியாவுக்குள் நடந்தது மட்டுமே கணக்கு. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு கொல்லர் ஐந்து வருடமாக விற்றுக்கொண்டிருக்கும் அரிவாள், எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும், கணக்கில் வரும்.

உங்கள் சொந்தச் செயலும் இதில் அடங்கும். விண்ணப்பத்துக்கு முன்னால் கொடிசியா வளாகத்து விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் போட்டுக் காட்டினாலோ, வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய வீடியோ யூடியூபுக்குப் போனாலோ, உங்கள் கருவியே உங்களுக்கு முன்னிருந்ததாகிவிடும். மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. சாதாரண வியாபாரக் கண்காட்சிக்கு அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தேதி முக்கியம் என்பதால்தான் தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணம்) என்ற வழி இருக்கிறது. அதைப் பதிந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தனிநபர் இணையவழியில் பதிய கட்டணம் 1,600 ரூபாய்.

கருவியை உடைத்து எழுதுவது

எடைபோடுவது கருவியை அல்ல, நீங்கள் உரிமை கோரி எழுதும் வாக்கியத்தை. அதற்குப் பெயர் கோரிக்கை. அதனால் அந்த வாக்கியத்தை இப்போதே எழுதிப் பார்க்க வேண்டும். தெளிவுக்காக ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம்.

தேங்காய் மட்டை உரிக்கத் தரையில் கடப்பாரை நட்டுக் குத்தித் திருகுவது பழைய முறை. நெம்புகோல் வகையும் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளது: ஒரு நிலைக்கால், அதன் தலையில் அசையாத அலகு ஒன்று, கீல் வைத்த அலகு ஒன்று. இரண்டும் மூடியிருக்கும்போது காயை அதன்மேல் குத்தி, கைப்பிடியை இழுத்தால் கீல் அலகு விலகி மட்டையைப் பிளக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் இதைத் திருத்தி இப்படிச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

அ) அலகுகள் சாதா இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.
ஆ) கைப்பிடி 600 மி.மீ. இருந்தது 900 மி.மீ.
இ) ஆளின் உயரத்துக்கு ஏற்ப நிலைக்காலில் துளைகளும் பின்னும்.
ஈ) கைப்பிடிக்கு ரப்பர் உறை.
உ) அலகைச் சுற்றி ஒரு வளையம். கைப்பிடியோடு இணைந்திருப்பதால், இழுப்பின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே 8 மி.மீ. மேலேறிக் காயைத் தூக்கிவிடும். மட்டை பிளக்கும் நேரத்தில் அலகின் முனை சிரட்டையைத் தொட்டுக்கொண்டிருக்காது.

எழுதும்போது "எளிதாக", "சிறப்பாக" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எந்தப் பாகம், எதோடு இணைந்து, என்ன அசைவு என்பது மட்டும் நிற்கட்டும்.

தேடுவது

இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று கணினியில். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பியர்களின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். சொல்லை வைத்து மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். "கோகனட்" என்று எழுதாமல் "நார் உள்ள காய்" என்று எழுதியிருப்பார்கள். பன்னாட்டு வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், குறடு வகையறா பி25பி. பல வேலைக் கருவிகள் பி25எஃப், கைப்பிடிகள் பி25ஜி. கத்தி, கத்தரி போன்ற கையால் வெட்டுபவை பி26பி. மண்வெட்டி, கொத்து ஏ01பி. அறுவடை அரிவாள் ஏ01டி. கொட்டை உடைப்பதும் மட்டை உரிப்பதும் ஏ23என். இந்த எண்களில் வரும் பி எல்லாமே ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்துதான்.

சீனப் பதிவுகளை விட்டுவிட வேண்டாம். அங்கே யுட்டிலிட்டி மாடல் என்று சிறு திருத்தங்களுக்குத் தனிப் பதிவு உண்டு, நம் நாட்டில் அது கிடையாது. கைக்கருவிகளில் அந்தக் குவியல் மிகப் பெரியது. இயந்திர மொழிபெயர்ப்பு கொச்சையாக இருந்தாலும் படங்கள் பேசிவிடும்.

இரண்டாவது இடம் தெரு. ஹார்டுவேர் கடை, வாரச்சந்தை, பழைய கேட்லாக், வேளாண் பல்கலைக்கழகத்தின் கருவிக் காட்சி. பார்த்ததைத் தேதி தெரியும் படமாக எடுத்து, கிடைத்தால் பில்லும் வாங்கி வையுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்குப் பயன்படாவிட்டாலும், நாளைக்கு வேறு யாராவது அதே கருவிக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்து நின்றால் பயன்படும்.

கிடைத்தவற்றில் ஒன்றை "மிக அருகில் உள்ளது" என்று தேர்ந்தெடுங்கள். பாகங்கள் ஒத்திருப்பது மட்டும் போதாது, நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது பழைய நெம்புகோல் வகை. பதிவாகி இன்னும் வெளியிடப்படாத விண்ணப்பம் ஒன்று ஒளிந்திருக்கலாம். அது புதுமையைக் கெடுக்கும்; வெளிப்படை பற்றிய வாதத்தில் அதைச் சேர்க்க முடியாது.

அந்த "துறை தெரிந்தவர்" யார்

இந்த ஆளைத் தப்பாகக் கற்பனை செய்தால் எல்லாமே தப்பாகும். பேராசிரியர் அல்ல. நேற்று வேலைக்குச் சேர்ந்த கையாளும் அல்ல. 1978 தீர்ப்பு, வெறும் வேலையாளிலிருந்து பிரித்துக் காட்டித் திறமையான கைவினைஞர் அல்லது பொறியாளர் என்று சொல்கிறது. பழைய ஆவணத்தை அவர் கையில் கொடுத்து, உங்கள் கண்டுபிடிப்பைக் காட்டாமல், அதே சிக்கலை மட்டும் சொன்னால், "எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது" என்பாரா என்பதே சோதனை.

நம் உதாரணத்துக்கு அவரை இப்படி உருவகப்படுத்தலாம். ஐடிஐ ஃபிட்டர் படித்து, பத்துப் பதினைந்து வருடம் கருவி செய்தவர். எஃகு வகைகளில் இஎன்8 எங்கே போதும், இஎன்31 எங்கே வேண்டும் என்று தெரியும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடித்தால் ஏன் நீடித்து நிற்கிறது, தண்ணீரில் தோய்த்தபின் டெம்பர் விடாவிட்டால் (மறுபடி மிதமாகச் சூடேற்றாவிட்டால்) ஏன் விளிம்பு உதிர்கிறது என்று தெரியும். நெம்புகோல், கேம், ஸ்பிரிங், ராட்செட் எல்லாம் கைவசம். தன் துறையின் கேட்லாக் அத்தனையும் படித்தவர், ஒன்றையும் மறக்காதவர். இவ்வளவும் இருந்து, கற்பனை மட்டும் கிடையாது. நம் நீதிமன்றங்கள் அவரைக் கற்பனை இல்லாதவர் என்றே விவரிக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அவருக்குச் சாதாரண அளவு படைப்புத்திறனைக் கொடுத்துவிட்டது. அதனால் அங்கே வெளிப்படை என்று தள்ளுவது கொஞ்சம் எளிது.

வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடைபோடுதல்

தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2015இல் ரோச் எதிர் சிப்லா வழக்கில் ஐந்து படிகளை வகுத்தது. துறை தெரிந்தவரை அடையாளம் காண்பது, புத்தாக்கக் கருத்தை அடையாளம் காண்பது, அந்தத் தேதியில் அவருக்கு இருந்த பொது அறிவைக் கணிப்பது, வித்தியாசங்களைக் குறிப்பது, அவை அவருக்கு வெளிப்படையா என்று பின்னோக்குப் பார்வை இல்லாமல் முடிவு செய்வது. மருந்து வழக்குதான், ஆனாலும் களைக்கொத்துக்கும் இதே படிகள்தான். முதல் மூன்றை முடித்துவிட்டோம். இனி வித்தியாசங்கள்.

அ) துருப்பிடிக்காமல் இருக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எதிர்பார்த்த குணத்துக்காகத் தெரிந்த உலோகத்தை மாற்றியது. அமெரிக்காவில் 1851இலேயே ஹாட்ச்கிஸ் வழக்கில், உலோகக் கதவுக் குமிழுக்குப் பதில் களிமண், பீங்கான் குமிழ் என்பதைத் தள்ளிவிட்டார்கள். அடித்துவிடுங்கள்.

ஆ) 600ஐ 900 ஆக்கினால் அதே இழுப்புக்கு முறுக்கம் ஒன்றரை மடங்கு. நெம்புகோல் விதி அப்படியே. அடித்துவிடுங்கள்.

இ) ஏற்றி இறக்கும் வசதி. சைக்கிள் சீட்டில் இருக்கிறது. அடித்துவிடுங்கள்.

ஈ) ரப்பர் உறை. பேசவே வேண்டாம்.

நான்கும் சேர்ந்து நான்கு மடங்கு கண்டுபிடிப்பு ஆகிவிடாது. ஒவ்வொன்றும் தனிச் சிறு சிக்கலைத் தனியாகத் தீர்க்கிறது. அதனால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆவணத்தைக் காட்டித் தனித்தனியாகத் தள்ளலாம். "நாலு ஆவணத்தைச் சேர்த்தால்தானே என் கருவி வருகிறது" என்ற எதிர்வாதம் இங்கே எடுபடாது. பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து ஒரே விளைவைத் தரும்போதுதான் அந்த வாதத்துக்குப் பலம்.

உ) வளையம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இதிலும் எளிய வடிவமும் கடின வடிவமும் உண்டு. வளையம் அசையாமல், அலகு இவ்வளவுதான் இறங்கும் என்று தடுத்தால் மட்டும் போதும் என்று நினைத்தால் அது வெளிப்படை. டிரில் பிட்டில் ஆழம் தடுக்கும் காலர் போடாத ஃபிட்டர் இல்லை. ஆனால் நம் வளையம் தடுப்பதோடு நிற்கவில்லை, இழுப்போடு சேர்ந்து காயைத் தூக்குகிறது. ஏன் தூக்க வேண்டும்? மட்டையின் தடிமன் காய்க்குக் காய் மாறும். அசையாத காலரை மெல்லிய மட்டைக்கு வைத்தால் தடித்த மட்டையில் அலகு ஆழம் போதாது, தடித்ததற்கு வைத்தால் மெல்லியதில் சிரட்டை விரியும். இரண்டுக்கும் நடுவே அளவு தேடிக்கொண்டிருப்பதுதான் சாதாரண ஆள் செய்வது. ஆழமாகக் குத்தவிட்டு, பலம் கூடுவதற்கு முன் தூக்கிவிடுவது வேறு திசை.

இப்போது எதிர்க்கட்சி வக்கீலாக மாறுங்கள். பிரஸ் டூல் செய்கிறவர் சொல்வார்: "இது ஸ்டிரிப்பர் பிளேட்டுதானுங்களே!" பஞ்ச் தகட்டைத் துளைத்தபின் தகடு பஞ்சோடு மேலே வராமல் தள்ளிவிடும் தட்டு அது, கோவையில் தெரியாத டூல் ரூம் கிடையாது. நல்ல எதிர்வாதம். இதற்கு மூன்று கேள்வி. தேங்காய்க் கருவி செய்பவர் பிரஸ் டூலில் தீர்வு தேடியிருப்பாரா? தேடியிருந்தாலும், ஸ்டிரிப்பர் வேலை செய்வது பஞ்ச் திரும்பும்போது, நம் வளையம் வேலை செய்வது முன்னோக்கிய இழுப்பிலேயே. அந்த நேர மாற்றத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பு எங்காவது இருக்கிறதா? ஸ்டிரிப்பர் தீர்க்கும் சிக்கல் ஒட்டிக்கொள்வது, இங்கே சிக்கல் விரிசல். இரண்டையும் முடிச்சுப் போட எது தூண்டும்? தொழில் தெரிந்தவரால் "செய்ய முடியும்" என்பது வேறு, அவர் "செய்திருப்பார்" என்பது வேறு. பரிசோதனை அறிக்கைகளில் இந்த இரண்டும் அடிக்கடி கலந்துவிடும்.

தீர்ப்பு? வாதிட இடம் இருக்கிறது. வெற்றி நிச்சயம் இல்லை. கைக்கருவியில் இவ்வளவு கிடைத்தாலே நல்ல நிலைமை. ஆனால் கோரிக்கை இழுப்போடு இணைந்த வளையத்தையும் அது எழும் நேரத்தையும் சொல்ல வேண்டும். "ஒரு வளையம்" என்று மட்டும் எழுதினால் டிரில் காலரே அதைச் சாய்த்துவிடும்.

அளந்து பார்ப்பது

விளைவு எதிர்பாராததாக இருந்தால் வாதம் பலப்படும். அதை நிரூபிக்க எண் வேண்டும். பழைய வகையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தோப்பில் ஒரே நாளில் இறக்கிய காயை, நெட்டையும் குட்டையும் கலக்காமல், ஒவ்வொன்றிலும் 100 உரியுங்கள். இரண்டு ஆட்கள், ஐம்பது ஐம்பதாக, பிறகு கருவியை மாற்றிக்கொண்டு. மூன்று எண் குறித்தால் போதும்: ஒரு காய்க்கு எத்தனை விநாடி, எத்தனை சிரட்டை விரிந்தது, கைப்பிடி நுனியில் எத்தனை கிலோ இழுப்பு. இழுப்பை அளக்க, உச்ச அளவைப் பிடித்துவைக்கும் டிஜிட்டல் தொங்கு தராசைக் கைப்பிடியில் கோத்து, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 900 மி.மீ. கைப்பிடியுள்ள புதியதை 600 மி.மீ. கைப்பிடியுள்ள பழையதோடு ஒப்பிடுவது. கிடைக்கும் லாபம் நீளத்தால் வந்ததா வளையத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே உலோகம் கொடுங்கள். இன்னும் நல்லது, உங்கள் கருவியிலேயே வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு நூறு, மாட்டிக்கொண்டு ஒரு நூறு.

அந்த எண்களை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பின்னால் சேர்க்கலாம் என்று வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரஹாம் எதிர் ஜான் டியர் வழக்கு நல்ல பாடம். கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கலப்பைக் கால் உடையாமல் வளைந்து கொடுக்கும் பிடிப்பு அது. நம் சரளை நிலத்துக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் புரியும். கண்டுபிடித்தவரின் முந்தைய காப்புரிமையில் கீல் தகட்டுக்கு மேலே இருந்த கால், புதியதில் கீழே வந்திருந்தது. அதனால் கால் தன் முழு நீளத்துக்கும் தாராளமாக வளைகிறது என்று வழக்கில் வாதிட்டார்கள். காப்புரிமை அலுவலகத்தில் அந்த வளைவைப் பற்றி எழுப்பவே இல்லையே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மேலே இருப்பதைக் கீழே மாற்றுவது துறை தெரிந்தவருக்குத் தோன்றக்கூடியதே என்று காப்புரிமையையும் செல்லாததாக்கியது.

பின்னோக்குப் பார்வை

விடை தெரிந்தபின் கணக்கு எளிதாகத் தெரியும். பட்டறையில் கருவியைக் காட்டினால் "இதுல என்னங்க இருக்குது, ஒரு வளையம் போட்டிருக்குறீங்க" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம், ஆனால் அதே ஆட்களைச் சரியாகப் பயன்படுத்தலாம். உங்கள் கருவியைக் காட்டாமல், பழைய கருவியை மட்டும் கொடுத்து, "சிரட்டை விரியுது, என்ன பண்ணலாம்?" என்று அனுபவமுள்ள நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். முனையை மழுக்கு, ஆழத்தை நிறுத்து, காயை ஊறப்போடு என்று பதில் வந்து, ஒருவரும் தூக்கும் வளையத்தைச் சொல்லாவிட்டால் அது நல்ல அறிகுறி. இரண்டு பேர் சொல்லிவிட்டால் 1,600 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். கேட்கும்போது வாய் தவறி உங்கள் தீர்வைச் சொல்லிவிடாதீர்கள். ரகசியம் காப்பதாக எழுதி வாங்காமல் சொன்னால் அதுவே வெளியீடு ஆகலாம்.

மாற்றம் சிறியது என்பதாலேயே வெளிப்படை ஆகிவிடாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். துணியில் விலைச் சீட்டு மாட்டும் பிளாஸ்டிக் பாஸ்னர் திருப்பூர்க்காரர்களுக்குப் பழகியது. அப்படிப்பட்ட பாஸ்னர் வரிசையில் வெட்டுவாய் ஒன்றை அமைத்த ஏவரி டென்னிசன் நிறுவனத்தின் விண்ணப்பம் புத்தாக்கப் படி இல்லையென்று மறுக்கப்பட்டது. 2022 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. பழைய ஆவணம் வெளிவந்து நீண்ட காலம் ஆகியும் யாருக்கும் தோன்றாத ஓர் எளிய மாற்றம், எதிர்பாராத நன்மையைத் தந்தால், தராசு கண்டுபிடித்தவர் பக்கம் சாயும் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. அதனால் உங்கள் நோட்டில் மிக அருகில் உள்ள ஆவணத்தின் ஆண்டைப் பெரிதாக எழுதி வையுங்கள். முப்பது வருடம் இடைவெளி இருந்தால் அது வாதம். மூன்று வருடம் என்றால் அல்ல.

விற்பனை அமோகம் என்பது பலவீனமான சான்று. விலை குறைவாலோ விளம்பரத்தாலோ விற்றிருக்கலாம். மற்றவர்கள் முயன்று தோற்றது, பழைய கையேடு "அப்படிச் செய்யாதே" என்று எச்சரித்ததை நீங்கள் செய்து வென்றது, இவை பலமானவை.

பதிந்தபின்

முதல் கோரிக்கை தள்ளப்பட்டால் பின்வாங்க இடம் வேண்டும். வளையம் எழும் நேரம், எழும் உயரத்தின் எல்லை, இணைப்பின் வடிவம் என்று, முதல் கோரிக்கையோடு ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கும் சார்புக் கோரிக்கைகளை அடுக்குங்கள். பத்துக் கோரிக்கை வரை கூடுதல் கட்டணம் இல்லை. பதிந்தபின் விவரக்குறிப்பில் இல்லாததைத் திருத்தமாக நுழைக்க முடியாது. பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும்; 2024 விதித் திருத்தத்துக்குப் பின் அதற்குக் கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து) 31 மாதம், தனிநபருக்குக் கட்டணம் 4,000 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும். முதல் பரிசோதனை அறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில், கேட்டால் இன்னும் மூன்று மாதம். அறிக்கையில் "டி1, டி2 சேர்த்தால் வெளிப்படை" என்றிருந்தால் (டி1, டி2 என்பவை பரிசோதகர் காட்டும் பழைய ஆவணங்கள்), இரண்டையும் சேர்க்கத் தூண்டுவது எது, சேர்த்தாலும் எந்தப் பாகம் இன்னும் இல்லை, இல்லாத பாகம் தரும் விளைவு விவரக்குறிப்பின் எந்தப் பத்தியில் உள்ளது என்ற வரிசையில் பதில் எழுதுங்கள். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு.

மறுபக்கம் நிற்கிறவர்களுக்கு: சந்தையில் ஏற்கெனவே ஓடும் கருவிக்கு யாராவது விண்ணப்பித்து அது வெளியாகியிருந்தால், காப்புரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கப்பட்டது வெளியானபின் ஓராண்டுக்குள், தொடர்புள்ளவர் எதிர்க்கலாம். அதையும் தவறவிட்டால் 64ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். தேதியுள்ள பில், கேட்லாக், கடைக்காரரின் பிரமாணப் பத்திரம் மூன்றும் சேர்ந்தால்தான் "முன்னாடியே இருந்துச்சுங்க" என்பது சான்றாகும். கருவியை மட்டும் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், அது எந்த வருடம் செய்தது என்பதே முதல் கேள்வியாக வரும்.

எடைபோட்டதில் அ முதல் ஈ வரை மட்டுமே மிஞ்சினால், கருவியின் தோற்றம் புதிதாக இருக்கும்பட்சத்தில் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். பத்து வருடம், மேலும் ஐந்து நீட்டிக்கலாம். அங்கே இந்தப் புத்தாக்கப் படிச் சோதனை கிடையாது, ஆனால் புதுமை வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டும்தான் காக்கப்படும், வேலை செய்யும் விதம் அல்ல. அதையும் விற்கத் தொடங்கும் முன்பே பதிய வேண்டும்.